குழாயடியில் தோற்காமல் இருக்க: பள்ளிக் கால்பந்து அணியை ஆட்டத்துக்கு முன் பார்த்துக்கொள்ளும் வழிகள்

சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடச் சொல்வார்கள். நாம் எட்டரைக்கே போய் நிற்போம். முதல் ஆட்டம் தொடங்கப் பத்தரை ஆகும். சீட்டு எடுத்ததில் நம் ஆட்டம் மூன்றாவதாக வந்திருக்கும். ஆக, பன்னிரண்டு மணி வெயிலில்தான் நம் பையன்கள் களத்தில் இறங்கப் போகிறார்கள். அதுவரை ஒரு வேப்பமரத்தடியில் பதினாறு பையன்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்காமல் போய் நான் தோற்ற ஆட்டம் ஒன்று உண்டு. ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் பெயர்ப் பட்டியலைக் கொடுக்க அமைப்பாளர் மேசைக்குப் போயிருந்தேன். தண்ணீர்க் குழாயில் யார் முதலில் பாட்டில் பிடிப்பது என்று எங்கள் பையனுக்கும் எதிரணிப் பையனுக்கும் ஒரு பேச்சு. பேச்சு வீட்டுப் பெண்கள் மீது திரும்பியது. நான் திரும்பி வருவதற்குள் ஒரு சட்டை கிழிந்து கிடந்தது. நடுவர் பத்தடி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். சண்டை போட்டவன் எங்கள் சென்டர் பேக், தடுப்பு வரிசையின் நடு ஆள். அவன் அன்று ஆடவில்லை. மூன்று கோல் வாங்கினோம். ஆட்டக் குறிப்பில் பன்னிரண்டரைக்குத் தோற்றதாக இருக்கும். உண்மையில் பதினோரு மணிக்கே குழாயடியில் தோற்றுவிட்டோம்.

திருவாரூர், தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகை என்று டெல்டாவின் நான்கு மாவட்ட மைதானங்களுக்கும் பையன்களை அழைத்துப் போனவன் என்ற முறையில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஆட்டத்துக்கு முன் வம்பு செய்கிற பையன் பெரும்பாலும் முரடன் இல்லை, கையில் வேலை இல்லாதவன். கீழே சொல்வதெல்லாம் அவனுக்கு வேலை கொடுக்கும் வழிகள்தான்.

ஒரு வாரத்துக்கு முன்

விதிகளை நீங்கள் எழுதாதீர்கள். பையன்களை உட்காரவைத்து அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். நான்குக்கு மேல் வேண்டாம். எங்கள் அணியில் இருப்பவை: சொன்ன நேரத்துக்கு வருவது, மைதானத்தில் போனை சாரிடம் கொடுத்துவிடுவது, எதிரணியிடம் "வணக்கம்" தவிர வேறு பேச்சு இல்லை, எங்கே போனாலும் இரண்டு பேராகப் போவது. மீறினால் என்ன என்பதையும் அவர்களே சொல்லட்டும். எங்கள் பையன்கள் வைத்த தண்டனை, திரும்பும்போது தண்ணீர் கேனையும் பந்து வலையையும் பஸ் ஸ்டாண்டு வரை தூக்கி வருவது. நாம் யோசித்திருந்தால் இதைவிடக் கடுமையாக வைத்திருப்போம், அதை யாரும் மதித்திருக்கவும் மாட்டார்கள். பிரம்பை எடுக்கும் காலம் முடிந்துவிட்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்தும் தண்டனையையும் தடுக்கிறது. எல்லார் முன்னாலும் ஒருவனைக் கேவலமாகப் பேசுவதும் அதில் அடக்கம். நம்மில் பலர் இதை மறந்துவிடுகிறோம்.

கேப்டன் யார்? அதிக கோல் அடிப்பவனைக் கேப்டன் ஆக்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. "போதும் விடுறா" என்று எவன் சொன்னால் மற்றவன் கையை இறக்குகிறானோ, அவன்தான் கேப்டன். அவன் பெஞ்சில் உட்காருகிற பையனாக இருந்தால்? வைஸ் கேப்டன் என்று பெயர் கொடுத்து, களத்துக்கு வெளியே அவனிடம் பொறுப்பை விடுங்கள்.

முந்தின நாள் மாலை

பதினோரு பேர் யார் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். மைதானத்தில் கடைசி நேரத்தில் பெயர் படிக்கும் சார்கள் இருக்கிறார்கள். அதுவரை எல்லாரும் துடிப்பாக இருப்பார்கள் என்று கணக்கு. நான் கண்டதோ, பெயர் வராத பையன் அந்த நிமிடமே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் போய் உட்காருவான், அவன் நண்பர்கள் இரண்டு பேர் கூடப் போவார்கள். ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்று பேரைச் சமாதானப்படுத்த யாரால் முடியும்? விட்டுப்போனவனை மாலையிலேயே ஓரமாகக் கூப்பிட்டு, காரணத்தை ஒளிக்காமல் சொல்லி, நாளைக்கு அவனுக்கு என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுங்கள். அழுதால் அழட்டும். ஒரு ராத்திரி இருக்கிறது.

அடுத்து, பை. போட்டி நாள் காலையில் நடக்கும் சண்டைகளில் பாதி ஸ்டட்ஸ் என்கிற முளை வைத்த ஷூவுக்காகத்தான். நம் ஊரில் அண்ணனும் தம்பியும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒருவன் பக்கத்துத் தெருப் பையனிடம் இரவல் வாங்கியிருப்பான், அவன் காலையில் தரமாட்டேன் என்பான். எல்லாவற்றையும் முந்தின மாலையே பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பான ஷின் கார்டு ஆட்ட விதிப்படி கட்டாயம். அடிபடாமல் காக்கும் பொருளில் செய்ததாக இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. நோட்டு அட்டையை வெட்டி ஸ்டாக்கிங்ஸுக்குள் செருகுகிற வித்தையெல்லாம் வேண்டாம்.

போன் விஷயம் இதைவிடச் சிக்கல். "நாளைக்கு இருக்குடா உங்களுக்கு" என்று ஒருவன் ஸ்டேட்டஸ் வைப்பான். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எதிரணிப் பையன் தன் குரூப்பில் போடுவான். விடிவதற்குள் குழாயடிச் சண்டைக்கு விறகு அடுக்கியாயிற்று. இதைச் சாராகத் தடுக்க முடியாது, அம்மாக்களால் முடியும். ஒன்பது மணிக்குப் போன் அம்மாவிடம் போக வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் நானே பேசிவிடுவேன். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தூங்காத பையன் ஓடுவதில் மட்டும் சோர்வான் என்று நினைக்காதீர்கள். சின்னச் சொல்லுக்கும் பாய்வான்.

ஆடி மாதம் போட்டி வைத்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஊர்க் கோயில்களில் கஞ்சி வார்த்தலும் தீமிதியும் நடக்கிற மாதம். முந்தின ராத்திரி எவன் தெருவில் திருவிழா என்று தெரிந்து வைத்துக்கொண்டால், காலையில் கண் சிவந்து வருகிறவனைத் திட்டாமல் வண்டியில் ஒரு மணி நேரம் தூங்கவிடலாம்.

காலையும் வண்டியும்

ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். இட்லி, இடியாப்பம், சாதம் எதுவானாலும் சரி, எண்ணெய் குறைவாக இருக்கட்டும். ஆனால் குறுவை நடவுக்காலத்தில் ஆறு மணிக்கே வயலுக்குப் போய்விடும் அம்மாக்கள் நிறைய. பையன் வெறும் வயிற்றோடு வருவான், கேட்டால் "சாப்பிட்டேன் சார்" என்பான். கேட்காதீர்கள். பூவன் பழம் ஒரு சீப்புக்கு இரண்டு சீப்பாகவும், கடலை மிட்டாய் ஒரு பாக்கெட்டும் வாங்கி வண்டியில் வைத்துவிடுங்கள். பசித்தவனுக்குத்தான் கோபம் முதலில் வரும். கடையில் விற்கும் எனர்ஜி டிரிங்க் பக்கம் விடாதீர்கள். ஏற்கெனவே படபடக்கிற நெஞ்சுக்குக் காஃபின் எதற்கு?

டவுன் பஸ்ஸில் போவதானால் பாஸ் கையில் இருக்க வேண்டும். ஜெர்சியோடு ஏறினால் கண்டக்டர் கேட்கத்தான் செய்வார், அங்கே ஒரு வாக்குவாதம் வேண்டாம். படியில் ஒருவனும் தொங்கக்கூடாது. இதில் மட்டும் நான் ஈவிரக்கம் பார்ப்பதில்லை. தொங்கினால் அன்று ஆட்டம் கிடையாது.

மைதானத்தில் முதல் அரை மணி

இரண்டு ஆசிரியர்கள் போக வேண்டும், ஒருவர் மேசைக்கு, ஒருவர் மரத்தடிக்கு. தனியாகப் போக நேர்ந்தால் வயதுச் சான்றையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு கேப்டனையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கேப்டன் மரத்தடியில் இருக்கட்டும். நான் அன்று செய்த தப்பு அதுதான்.

இடம் பிடிக்கும்போது நிழல் முதலில், எதிரணியிடமிருந்து தூரம் அடுத்தது. பிறகு பையன்களைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள்: கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, நம் எல்லை எதுவரை.

எல்லை என்று சொல்லும்போது ஆற்றைச் சொல்லாமல் விடாதீர்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. நல்ல ஆண்டாக இருந்தால் பள்ளிப் போட்டிகள் நடக்கிற ஜூலை, ஆகஸ்டில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எல்லாம் கரை தொட்டு ஓடும். மைதானத்துக்குப் பின்னாலேயே வாய்க்கால் இருக்கும். வெயில் ஏற ஏற "ஒரு முங்கு போட்டுட்டு வந்துடறோம் சார்" என்பார்கள். உள்ளூர்ப் படித்துறை தெரிந்த பையனுக்கும் வெளியூர் மதகடி தெரியாது. நான் எண்ணிக்கொண்டே இருப்பேன், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலை எண்ணுவேன்.

காத்திருப்பு

இனிதான் முக்கியமான பகுதி. முதல் வேலை, பந்துகளை வலைக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். பந்து வெளியே கிடந்தால் ஒன்பது மணியிலிருந்தே உதைத்துக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு மணிக்குக் கால் இருக்காது. பந்து எதிரணி மரத்தடிக்கு உருண்டு போகும், அதை எடுக்க ஒருவன் போவான். மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

பிறகு பையன்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, இருபது நிமிடத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு கூட்டம் மரத்தடியில் ஷூவைக் கழற்றிவிட்டுப் படுக்கும். ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கிற ஆட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதும். எதை எழுதுவது என்று தெளிவாகச் சொல்லுங்கள். எந்தப் பெனால்டி ஏரியாவில் சேறு? ஆடிக்காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? கோலி உயரப் பந்துக்கு வெளியே வருகிறானா? நடுவர் எதிர்த்துப் பேசினால் எல்லோ கார்டு காட்டுகிறவரா, முறைத்துவிட்டு விடுகிறவரா? விளையாட்டுக்காகச் சொல்லவில்லை, டாஸ் ஜெயித்தால் பந்தை எடுப்பதா, எந்தப் பக்கம் தாக்குவது என்று கேட்பதா என்பதை நாங்கள் இந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். காற்றைப் பற்றிய குறிப்பு மட்டும் எங்களுக்கு இரண்டு கோல் கொடுத்திருக்கிறது. முந்தின நாள் பெயர் விட்டுப்போன பையன்தான் இந்த நோட்டுக்குப் பொறுப்பாளி. ஆட்டத்துக்கு முன் அவன் எழுந்து நின்று படிக்க, மற்ற பதினைந்து பேரும் கேட்க வேண்டும். அவன் முகத்தை அப்போது பாருங்கள்.

மூன்றாவது கூட்டம் தண்ணீர், பழம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. நான்காவது கூட்டத்துக்கு மண்ணில் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம். சிரிக்க வேண்டாம், சீட்டுக் கட்டைவிட இது எவ்வளவோ மேல். காசு கிடையாது, சத்தம் கிடையாது, தோற்றவன் அடுத்த ஆட்டத்துக்குக் கல் பொறுக்கப் போய்விடுவான்.

சுற்றுகிற இந்த நேரத்தில்தான் நீங்கள் ஒவ்வொருவனையும் பார்க்க வேண்டும். பதற்றம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெளியே வராது. ஒருவன் ஓயாமல் கலாய்ப்பான், அவன் பயத்தில் பேசுகிறான். அதட்டினால் அடங்குவான், ஆனால் ஆட்டத்திலும் அடங்கிப்போவான். அவனைத் தண்ணீர்க் கூட்டத்தில் போடுங்கள், கையும் காலும் ஓடினால் வாய் தானாக ஓயும். ஒருவன் மூன்றாவது தடவையாகக் கழிப்பறைக்குப் போவான். வயிற்றில் ஒன்றும் இல்லை, நெஞ்சில்தான். கூடப் போகிற இரண்டாவது ஆள் அதைக் கிண்டல் செய்யாதவனாக இருக்கட்டும். ஒருவன் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருப்பான். சில பையன்களுக்கு அதுதான் தயாராகும் முறை, விட்டுவிடுங்கள். ஆனால் எப்போதும் பேசுகிறவன் மௌனமானால் பக்கத்தில் போய் உட்காருங்கள். வீட்டில் ஏதோ நடந்திருக்கும். பல்லிடுக்கில் புகையிலைப் பொட்டலம் வைக்கும் பழக்கம் நம் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, அதையும் கவனியுங்கள். பிடித்தால் அங்கேயே ஊரைக் கூட்டாமல், துப்பி வாய் கொப்பளிக்க வைத்து, ஆட்டத்தில் இறக்காமல், திங்கட்கிழமை பெற்றோரோடு பேசுவது என் வழி.

1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனை உண்டு. தூண்டுதல் ஓரளவு கூடக்கூட எலி நன்றாகக் கற்றுக்கொண்டது, எல்லை தாண்டியதும் கெட்டது, அதுவும் வேலை கடினமானால் சீக்கிரமே கெட்டது. எலியிலிருந்து பையனுக்கு நேராகத் தாவ முடியாதுதான். ஆனாலும் கோலியையும் பெனால்டி அடிக்கிறவனையும் கூட்டத்தின் ஆர்ப்பாட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி வைப்பது என் அனுபவத்தில் பலன் தந்திருக்கிறது.

பெண்கள் அணிக்கும் இதெல்லாம் பொருந்தும், ஆனால் அங்கே காத்திருப்பின் தொல்லை வேறு. உடை மாற்ற அறை இருக்காது, கழிப்பறை பூட்டியிருக்கும், அதற்குப் பயந்து பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், பிறகு வெயிலில் சுருண்டு விழுவார்கள். போனவுடன் சாவியை வாங்குங்கள். கூட ஓர் ஆசிரியை கட்டாயம்.

கடைசி முக்கால் மணி

முந்தின ஆட்டத்தின் இடைவேளை விசில்தான் நமக்கு அலாரம். முதலில் கழிப்பறை. அடுத்து டப்பா.

டப்பா என்பது ஒரு பழைய எவர்சில்வர் தூக்கு. ஆட்ட விதிப்படி மோதிரம், சங்கிலி, காப்பு, தோல் பட்டை, ரப்பர் வளையம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, மேலே டேப் ஒட்டி மறைக்கவும் கூடாது. நம் பையன்கள் கையில் இதைத் தவிர வேறு பல கயிறுகளும் இருக்கும். எந்த நிறம் எந்தச் சாதி என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகள் வேண்டாம் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. நான் இதைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. "நடுவர் பார்ப்பார், கழற்றுங்கடா" என்பேன், அவ்வளவுதான். வேளாங்கண்ணி ஜெபமாலை, நாகூர் தாயத்து, கோயில் கயிறு, கலர் கயிறு எல்லாம் ஒரே தூக்கில் விழும். ஒருவனுக்கு மட்டும் சொன்னால் சண்டை வரும். முதலில் என் மோதிரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நீட்டுவேன்.

ஆட்டத்துக்கு முப்பது நிமிடம் இருக்கும்போது வார்ம் அப். காயம் வராமல் தடுக்க வகுத்த ஃபிஃபாவின் 11 பிளஸ் பயிற்சியில் மூன்று பகுதிகள். போட்டி நாளில் ஓட்டப் பயிற்சிகளான முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் போதும், பத்து நிமிடத்தில் முடியும். ஜோடி ஜோடியாகச் செய்வது என்பதால் ஒருவனும் வெறுமனே நிற்க மாட்டான், அதுதான் எனக்குப் பிடித்தது. பிறகு பத்து நிமிடம் பந்தோடு. பிறகு நிழல், இரண்டு மடக்குத் தண்ணீர்.

பேச்சு இரண்டு நிமிடம். "உயிரைக் கொடுத்து ஆடுங்கடா" என்று நானும் ஒரு காலத்தில் கத்தியவன்தான். கத்தி அனுப்பிய ஆட்டங்களில் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு ஃபவுல் நிச்சயம். மதகுப் பலகையை ஒரேயடியாகத் தூக்கினால் வாய்க்கால் கரைதான் உடையும். இப்போது மூன்று விஷயம் மட்டும்: நோட்டில் கண்டது, முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்யப் போகிறோம், கோல் வாங்கினால் என்ன செய்வோம். மூன்றாவதைச் சொல்லாமல் விடாதீர்கள். அதன்பின் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, ஐந்து தடவை. முதல் தடவை சிரிப்பார்கள்.

சீண்டல் வந்தால்

வரிசையில் நிற்கும்போது எதிரணி சீண்டும். 2005 பிப்ரவரி 1 அன்று லண்டன் ஹைபரி மைதானத்தில், ஆட்டம் தொடங்கும் முன்பே சுரங்கப்பாதையில் மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன் ராய் கீனும் ஆர்சனல் கேப்டன் பேட்ரிக் வியேராவும் மோதிக்கொண்ட காட்சியைப் பையன்கள் போனில் பார்த்து வைத்திருக்கிறார்கள். "கீன் டீம்தானே சார் 4-2ன்னு ஜெயிச்சுது?" என்று ஒருவன் கேட்டான். உண்மைதான். ஆனால் அன்று முதல் கோல் அடித்தது வியேரா, பிற்பாதியில் ரெட் கார்டு வாங்கியது கீனின் அணிக்காரர். அந்தச் சண்டையிலிருந்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது என்று சொன்னேன். பையனுக்குத் திருப்தி இல்லை.

விதியைச் சொன்னால் திருப்தி வருகிறது. ஆட்டத்துக்கு முன் களத்தைச் சோதிக்க உள்ளே நுழைந்த நிமிடத்திலிருந்தே நடுவருக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு. விசில் ஊதவில்லை என்பதெல்லாம் செல்லாது. பட்டியல் கொடுத்த பிறகு, ஆட்டம் தொடங்கும் முன் ஒருவன் வெளியேற்றப்பட்டால் பட்டியலில் உள்ள சப்ஸ்டிடியூட்டை இறக்கிப் பதினோரு பேரோடு தொடங்கலாம், ஆனால் அந்தப் பையன் அன்றைக்கு முடிந்தான். சாருக்கும் கார்டு உண்டு, இது 2019-இலிருந்து. ஆகவே நீங்களும் நாக்கை அடக்குங்கள்.

பழைய மாணவர்கள் இன்னொரு தலைவலி. பைக்கில் வந்து கயிற்றோரம் நின்று "கெத்து காட்டுங்கடா" என்பார்கள். விரட்டினால் பகை. தண்ணீர் கேனைத் தூக்கிவரச் சொல்லுங்கள், அடிபட்டால் வண்டியோடு தயாராக இருக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் வேலை இல்லாததுதான் பிரச்சினை.

இத்தனைக்கும் பிறகு கைகலப்பு வந்துவிட்டால் அங்கேயே விசாரிக்காதீர்கள். "யாருடா முதல்ல அடிச்சது" என்று கேட்ட மறுகணம் இரண்டாவது சண்டை தொடங்கும். நடுவில் போய் நில்லுங்கள், உங்கள் பையனை முதுகில் கை வைத்துத் திருப்பி அழைத்து வாருங்கள், எதிரணி சாரிடம் நீங்கள் முதலில் போய்ப் பேசுங்கள். கை ஓங்கியவன் நம் பையன் என்று தெரிந்தால் நடுவர் பார்த்தாரோ இல்லையோ அவன் ஆடக்கூடாது. எங்கள் ஃபார்வர்டை ஒருமுறை அப்படி உட்காரவைத்தேன். ஒரு கோலில் தோற்றோம். வண்டியில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. அவன் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமோ என்று இன்றும் சில நேரம் தோன்றும்.

ஆட்டம் முடிந்ததும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள். ஒருமுறை தோற்ற கடுப்பில் மறந்துபோய் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் சைக்கிள் மணி. நாகூர் தாயத்துக்காரன் நிற்கிறான். "பாட்டி தேடுது சார்" என்றான். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஜெபமாலைக்காரன். இரண்டு பேராகத்தான் வந்திருந்தார்கள்.